ஈரலில் வடு இருக்கும்போது ஓமோன் எடுக்கலாமா? வன்னிப் பக்கம் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கனகராயன்_கரை | ஞாயிறு, இரவு 10.20

வணக்கம். பல மாதமாக வாசித்துவிட்டுப் போகிற ஆள் நான், இன்றுதான் எழுதுகிறேன். வயது 29, திருநங்கை. இரணைமடுத் தண்ணீர் பாயும் ஊர் ஒன்றில் அம்மாவோடு இருக்கிறேன்.

நாலு வருடமாக ஓமோன் எடுக்கிறேன். எந்த டொக்டரும் எழுதித் தந்ததில்லை. தொடக்கத்தில் குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை, நாளுக்கு மூன்று. தங்கச்சிக்கு என்று சொல்லி வேறு வேறு பாமசியில் வாங்குவேன். பிறகு கொழும்பில் இருக்கும் ஒரு அக்கா சொல்லி ஆண் ஓமோனை மறிக்கும் சைப்ரோட்டரோன் 50 மில்லிகிராமும் சேர்த்தேன். தாடி மெலிந்தது, தோல் மாறியது, மனம் ஆறியது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இந்த வருடம் கட்டார் போகலாம் என்று மெடிக்கல் செய்தபோது ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி இருக்கிறது என்று வந்தது. யுத்தம் முடியும்போது எனக்கு 13 வயது, ஷெல் பீஸ் பட்டு இரத்தம் ஏற்றினார்கள். அதில் வந்ததா, அம்மாவிடமிருந்து வந்ததா, தெரியாது. கிளினிக்கில் ஈரலின் இறுக்கத்தைப் பார்க்கும் ஸ்கான் எடுத்தார்கள். வடு மூன்றாம் நிலை, ஈரல் முழுக்க வடுவாகி இறுகும் சிறோசிஸ் இன்னும் ஆகவில்லை என்றார்கள். கிருமியை அடக்கும் டெனோபோவிர் மாத்திரை தொடங்கியாயிற்று.

டொக்டர் கேட்டார், "வேறு ஏதும் மருந்து எடுக்கிறீரா?" பின்னால் வாங்கில் ஊர் ஆட்கள் மூன்று பேர். "இல்லை சேர்" என்றேன்.

அடுத்த கிளினிக்குக்கு மூன்று கிழமை இருக்கிறது. மாத்திரை இன்னும் விழுங்குகிறேன். என்ன செய்யட்டும்?

முறிகண்டிக்_கச்சான் | ஞாயிறு, இரவு 10.41

அக்கா பயப்படாதீர்கள். செங்கண்மாரிக்கு, அதுதான் மஞ்சள் காமாலைக்கு, எங்கள் அம்மம்மா கீழ்காய்நெல்லியை அரைத்துப் பாலில் கொடுப்பா. ஏழு நாள், உப்பில்லாப் பத்தியம். என் மாமாவுக்குச் சுகமானது. இங்கிலீஷ் மருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதைச் செய்து பாருங்கள்.

பழைய_தாதி | திங்கள், காலை 5.55

கச்சான் தம்பி, உங்கள் மாமாவுக்கு வந்தது அனேகமாக ஏ வகையாக இருக்கும். அழுக்குத் தண்ணீரால் வருவது, ஒன்றும் கொடுக்காவிட்டாலும் சில கிழமையில் தானாகவே போய்விடும். அந்தப் பெயரைக் கீழ்காய்நெல்லி தட்டிக்கொண்டு போகும். பி வகை உடம்பில் தங்கிவிட்டால் அப்படிப் போகாது. டெனோபோவிரைத் திடீரென்று நிறுத்தினால் கிருமி துள்ளி எழும்பி, அடங்கியிருந்த ஈரல் ஒரே மாதத்தில் செயலிழந்து போவதும் உண்டு. 31 வருடம் வார்ட்டில் நின்றவள் சொல்கிறேன், "எல்லாவற்றையும் நிறுத்து" என்று இன்னொரு முறை எழுத வேண்டாம்.

பிள்ளை கனகராயன்_கரை, இனி உங்களுக்கு. குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரையில் உள்ளது எதினைல் எஸ்ட்ரடயோல் என்ற செயற்கைப் பெண் ஓமோன். உடம்பில் இயல்பாகச் சுரப்பது இல்லை அது. எளிதில் உடையாமல் இருக்கும்படி செய்தது. உடையாது என்றால் என்ன பொருள், ஈரலைச் சுற்றிச் சுற்றி வரும் என்று பொருள். இரத்தம் உறையச் செய்யும் புரதங்களை ஈரல் கூடுதலாகச் செய்யும், கால் நாளத்தில் இரத்தக்கட்டி விழும், பித்தம் தேங்கும். நாளுக்கு ஒன்று எடுக்கும் பெண்ணுக்கே ஈரல் வருத்தம் இருந்தால் அதைக் கொடுக்க யோசிப்பார்கள். நீங்கள் மூன்று. சைப்ரோட்டரோனும் ஈரலைத் தாக்கக்கூடிய மருந்து, அளவு கூடக் கூடத் தாக்கமும் கூடும். ஈரல் வருத்தக்காரருக்குக் கொடுக்கக்கூடாது என்று அதன் தாளிலேயே எழுதியிருக்கும்.

மூன்று கிழமை காத்திருக்க வேண்டாம். இந்தக் கிழமையே போய்ச் சொல்லுங்கள். என் எண்ணம், ஈரல் அடங்கும்வரை ஒரு வருடமாவது ஓமோனே வேண்டாம். முதலில் உயிர், மிச்சம் பிறகு.

ஓமந்தை_அக்கா | திங்கள், காலை 11.10

தாதி அக்கா சொன்ன மருந்து விஷயம் முழுக்கச் சரி. கடைசி வரியில் மட்டும் எனக்குச் சண்டை.

எனக்கு 46. ஈரல் கெட்டது கிருமியால் இல்லை, கசிப்பால். ஒளிக்கவில்லை, குடித்தேன். வயிறு வீங்கி, கால் வீங்கி, ஒரு நாள் இரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிறோசிஸ். அப்போது ஓமோனை நிறுத்தினார்கள், அது நியாயம். வயிற்றில் நீர் கட்டி, மஞ்சள் ஏறி, நினைவு தடுமாறும் கட்டத்தில் ஈஸ்ட்ரோஜன் கொடுக்க மாட்டார்கள். ஆனால் நீர் வற்றிய பிறகும் "இனி ஏன் உமக்கு அது" என்று விட்டுவிட்டார்கள். எட்டு மாதம். எனக்கு ஏற்கெனவே விதைப்பை அகற்றியாயிற்று, உடம்பில் அந்த ஓமோனும் இல்லை, இந்த ஓமோனும் இல்லை. நெருப்பு மாதிரி உடம்பு கொதிக்கும், நித்திரை இல்லை, எலும்பு நோவு. வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கிளினிக்குக்கும் போகவில்லை. திரும்பக் குடித்தேன்.

முதலில் உயிர் என்றால் அதுவும் உயிர்தானே அக்கா.

ஒரு சிரிப்புக் கதையும் சொல்ல வேண்டும். வயிற்று நீருக்கு ஸ்பைரோனோலக்டோன் தந்தார்கள். நாளுக்கு 100 மில்லிகிராம். அது ஆண் ஓமோனை மறிக்கும் மருந்து, சைப்ரோட்டரோனுக்குப் பதிலாக எங்கள் ஆட்கள் உலகம் முழுக்க எடுப்பதும் அதுதான். என்னைப் போட்டிருந்தது ஆண்கள் வார்ட்டில். பக்கத்துக் கட்டிலில் நெடுங்கேணிப் பக்கத்து வயல்காரர் ஒருவர், அதே வருத்தம், அதே மாத்திரை. அவருக்கு நெஞ்சு வளரத் தொடங்கிவிட்டது. துவாயால் மூடிக்கொண்டு அழுவார். ஈரல் கெட்டாலே ஆண்களுக்கு ஓமோன் சமநிலை குழம்பி நெஞ்சு கொஞ்சம் வளரும், மாத்திரை அதற்கு மேல். "அண்ணை, எனக்கு மருந்து, உங்களுக்குத் தொல்லை, ஒரே குளிசை" என்றேன். அன்றுதான் அந்த மனிதர் முதல்முதலாக என்னைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்குப் போகும்போது இரண்டு கதலி வாழைப்பழம் தந்துவிட்டுப் போனார். எனக்குப் பொட்டாசியம் கூடக்கூடாது என்று அதைச் சாப்பிட விடவில்லை, அது வேறு கதை.

இப்போது எடுப்பது தோலில் பூசும் எஸ்ட்ரடயோல் ஜெல், மிகக் குறைந்த அளவு. எழுதித் தந்தவர் கொழும்பில் ஓமோன் வைத்தியர், ஈரல் டொக்டரோடு கதைத்துவிட்டுத்தான் எழுதினார்.

கனகராயன்_கரை | திங்கள், பின்னேரம் 4.30

அக்கா, ஜெல்லுக்கும் மாத்திரைக்கும் என்ன வித்தியாசம்? கடைசியில் எல்லாம் இரத்தத்துக்குத்தானே போகிறது?

ஓமந்தை_அக்கா | திங்கள், பின்னேரம் 6.05

எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். எங்கள் ஊர்ச் சோதனைச்சாவடி ஞாபகம் இருக்குமோ தெரியாது. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு வடக்கே போகிற லொறி எல்லாம் ஓமந்தையில் நிற்கும். மூட்டையை இறக்கி, குத்திப் பார்த்து, திரும்ப ஏற்றினால்தான் விடுவார்கள். விழுங்கும் மாத்திரை அந்த லொறிதான். குடலில் உறிஞ்சியது அப்படியே நேராக ஈரலுக்குப் போகும், முழுச் சுமையும் அங்கே இறங்கும். பாதிக்கு மேல் அங்கேயே அழிந்துபோகும் என்பதால் அளவையும் கூட்டித்தான் விழுங்க வேண்டும். தோலில் பூசுவதும் ஊசியும் காட்டுப் பாதை. நேரே இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும். ஈரலுக்கும் வரும்தான், ஆனால் சந்தைக்கு வருகிற மற்றச் சனத்தோடு சனமாக, கொஞ்சம் கொஞ்சமாக.

மருந்துக்கட்டு | திங்கள், இரவு 9.15

வவுனியாவில் மருந்தாளர். ஓமந்தை அக்காவின் சாவடி உவமை எங்கள் விரிவுரையை விட நன்றாக இருக்கிறது. அதில் ஒரு ஓட்டை மட்டும் அடைக்கிறேன். காட்டுப் பாதை எஸ்ட்ரடயோலுக்குத்தான் பொருந்தும். எதினைல் எஸ்ட்ரடயோலை எந்த வழியால் கொடுத்தாலும் ஈரலை விடாது.

எஸ்ட்ரடயோல் மாத்திரையை நாக்கின் கீழ் வைப்பது பற்றி யாராவது கேட்கப் போகிறீர்கள். பாதி உமிழ்நீரோடு உள்ளே போய்விடும், இரத்தத்தில் அளவு விறுவிறு என்று ஏறி இறங்கும். முழுமையான மாற்று இல்லை. ஊசி ஈரலின் முதல் சுமையைத் தவிர்க்கும், ஆனால் ஒருவர் குத்திய ஊசியையோ குப்பியையோ இன்னொருவர் தொடக்கூடாது. ஹெப்படைட்டிஸ் பி அப்படித்தான் நாலு பேருக்குப் பரவும். கனகராயன்_கரை, வீட்டில் அம்மாவையும் தங்கச்சியையும் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். இல்லை என்று வந்தால் தடுப்பூசி, ஆறு மாதத்துக்குள் மூன்று.

பைகலுட்டமைட் என்று இணையத்தில் புகழ்கிறார்கள். அரிதாக என்றாலும் ஈரலைக் கடுமையாகத் தாக்கியிருக்கிறது. அதன் அண்ணன் புளூட்டமைட் இன்னும் மோசம். உங்களுக்கு இரண்டும் வேண்டாம். மூளையிலிருந்து வரும் கட்டளையையே நிறுத்தும் ஊசி ஒன்று இருக்கிறது, ஈரலுக்குப் பெரிதாகத் தொல்லை தராது, விலைதான் எங்கள் சம்பளத்துக்குச் சரிவராது.

நானும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். "தங்கச்சிக்கு" என்று வந்த பிள்ளைகளுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்திருக்கிறேன். விளங்கியும் விளங்காத மாதிரிக் கொடுத்தேன், கேட்டால் வெட்கப்படுவார்கள் என்று. கேட்டிருக்க வேண்டும்.

மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 11.50

ஒரு பதில் நீக்கப்பட்டது. பண்பாட்டுப் பாடம் எடுக்க வேறு இழை திறந்துகொள்ளுங்கள்.

மல்லாவி_லொறி | செவ்வாய், பிற்பகல் 1.25

திருநம்பி, 33. எங்கள் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன், யாராவது தேடி வருவார்கள்.

உடம்பு கட்டுமஸ்தாக வரும் என்று ஜிம்மில் ஒருவன் தந்த குளிசையை மூன்று மாதம் எடுத்தேன். கண் மஞ்சள், சிறுநீர் தேத்தண்ணீர் நிறம், உடம்பு முழுக்க அரிப்பு. இரவில் தும்புத்தடியால் முதுகைச் சொறிவேன். அந்தக் குளிசைகளை ஈரல் உடைக்காதபடி மாற்றிச் செய்திருப்பார்களாம், அதனாலேயே பித்தம் தேங்குமாம். நிறுத்தி இரண்டு மாதத்தில் தெளிந்தது. ஸ்கான் எடுத்தபோதுதான் ஏற்கெனவே ஈரலில் கொழுப்பு இருந்ததும் தெரிந்தது. லொறி ஓட்டம், ராத்திரிக் கொத்துரொட்டி, இனிப்புச் சோடா. குடிப்பதே இல்லை, ஆனாலும் கொழுப்பு.

இப்போது டெஸ்டோஸ்டெரோன் ஊசி, டொக்டர் எழுதித் தந்தது. ஊசி ஈரலுக்கு அந்தக் குளிசை மாதிரி இல்லை. ஆனால் இரத்தம் தடிக்கும், அதனால் மூன்று மாதத்துக்கொரு முறை சோதனை. கொழுப்புக்கு மருந்து தரவில்லை, நிறையில் பத்தில் ஒரு பங்கு குறை என்றார்கள். 92 கிலோ இருந்தேன், இப்போது 84. கொத்துரொட்டியை விட்டது ஓமோன் தொடங்கியதை விடக் கஷ்டம், சத்தியமாக.

பழைய_தாதி | செவ்வாய், பின்னேரம் 5.40

ஓமந்தைத் தங்கச்சி, உங்கள் எட்டு மாதத்தைப் படித்துவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டபடி யோசித்தேன். வார்ட்டில் உங்களைப் போல ஒருவரை ஆண்கள் பக்கம் போடச் சொன்ன கை எனதாகவும் இருந்திருக்கும். கட்டில் எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்போம்.

"ஓமோனே வேண்டாம்" என்றதைத் திருத்துகிறேன். இந்தப் பிள்ளைக்குச் சிறோசிஸ் இல்லை, ஈரல் இன்னும் தன் வேலையைச் செய்கிறது. மாத்திரையையும் சைப்ரோட்டரோனையும் டொக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும், நாலு வருடம் எடுத்ததால் எப்படி நிறுத்துவது என்பதையும் அவரே சொல்லட்டும். அதற்குப் பிறகு தோல் வழியாக, அளவு பார்த்து, ஓமோன் கிளினிக்கும் ஈரல் கிளினிக்கும் ஒன்றின் கொப்பியை மற்றது பார்த்து. நோவுக்குப் பனடோல் என்றாலும் கண்டபடி போட வேண்டாம், உங்களுக்கு எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீந்தில் கஷாயமும் வேண்டாம். கொரோனா நேரத்தில் எதிர்ப்புச்சக்தி என்று அதைக் குடித்து ஈரல் பழுதானவர்களைப் பற்றி மும்பாய் டொக்டர்கள் 2021இல் எழுதியிருக்கிறார்கள்.

வாங்கில் ஊர் ஆட்கள் இருந்தால் கதைக்க வேண்டாம். ஒரு துண்டில் மருந்துப் பெயர், அளவு, எத்தனை வருடம் என்று எழுதிக் கொப்பிக்குள் வைத்து நீட்டுங்கள். டொக்டர் வாசிப்பார். நான் எத்தனையோ துண்டு வாசித்திருக்கிறேன்.

நெடுங்கேணி_அம்மா | புதன், இரவு 8.00

என் மூத்த பிள்ளையும் உங்களைப் போலத்தான். மகன் என்று 19 வருடம் கூப்பிட்டேன், இப்போது மகள் என்று கூப்பிடப் பழகுகிறேன். சிலவேளை நாக்குத் தவறும். கிளினிக்கில் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள் என்ற பயத்தில் போகமாட்டேன் என்கிறாள். அதற்கு ஏதும் வழி உண்டா?

ஓமந்தை_அக்கா | புதன், இரவு 8.50

உண்டு அம்மா. 2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றுநிருபம் விட்டது. மனநல வைத்திய நிபுணர் பார்த்துப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் தருவார். அதை வைத்துப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெயரையும் பாலையும் மாற்றலாம், பிறகு அடையாள அட்டை, பிறகு கிளினிக் கொப்பி. எனக்குப் பிரச்சினை முதல் படியில். பழைய அத்தாட்சிப் பத்திரம் 2009இல் முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் போன பையோடு போயிற்று. மாவட்டப் பதிவகத்துக்கு நாலு முறை நடந்து பிரதி எடுத்தேன். உங்கள் பிள்ளைக்கு அந்த அலைச்சல் இருக்காது என்று நினைக்கிறேன்.

நாக்குத் தவறினால் பரவாயில்லை. திருத்திவிட்டு மேலே கதையுங்கள்.

முறிகண்டிக்_கச்சான் | வியாழன், காலை 7.30

பழைய_தாதி அம்மா, மன்னிக்கவும். அம்மம்மாவிடம் கேட்டேன். மாமாவுக்கு வந்தது மாரி வெள்ளத்துக்குப் பிறகுதானாம், அந்த ஒழுங்கையில் ஆறு பேருக்கு ஒரே நேரம் வந்ததாம்.

பழைய_தாதி | வியாழன், காலை 7.48

அப்போது ஏ வகைதான். அம்மம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

கனகராயன்_கரை | பதினொரு கிழமை கழித்து, சனி இரவு 9.05

இழை கீழே போய்விட்டது, தூக்கிவிடுகிறேன்.

துண்டு எழுதிக்கொண்டு போனேன். டொக்டர் வாசித்துவிட்டுப் பேனாவை வைத்தார். "நாலு வருடமா?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் வயிறு, கால், கண் எல்லாம் திரும்பப் பார்த்தார். குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை அன்றோடு நின்றது. சைப்ரோட்டரோனை எப்படி விடுவது என்று எழுதித் தந்தார். யாழ்ப்பாணத்தில் ஓமோன் கிளினிக்குக்குக் கடிதமும் தந்தார்.

இடையில் ஏழு கிழமை ஒன்றும் இல்லாமல் இருந்தேன். தாதி அம்மா, அதைச் சுலபம் என்று யாருக்கும் சொல்லாதீர்கள். கண்ணாடியைத் துணியால் மூடினேன். ஓமந்தை அக்கா இரவு இரவாகப் போனில் இருந்தா, இல்லாவிட்டால் மாத்திரைப் பெட்டியைத் திறந்திருப்பேன்.

ஈரல் நொதி 96 இருந்தது, இப்போது 41. டெனோபோவிராலா, மாத்திரையை விட்டதாலா என்று கேட்டேன். இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததால் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். எனக்குப் பிடித்த பதில் அது. எம்ஆர்ஐ எடுக்க நினைத்தார்கள், தொடையில் பீஸ் இருக்கிறது என்றதும் விட்டுவிட்டார்கள், காந்தம் இழுக்குமாம். ஆறு மாதத்துக்கொரு முறை சாதாரண ஸ்கான் போதும் என்றார்கள்.

இப்போது எஸ்ட்ரடயோல் தோல் வழி, ஆண் ஓமோனுக்கு ஸ்பைரோனோலக்டோன், அக்காவின் வயல்காரர் அழுத அதே குளிசை. முதலில் ஒட்டும் பட்டைதான் கிடைத்தது. வன்னி வெயிலில் யார் அதைக் கண்டுபிடித்தார்களோ. அரிவி வெட்டுக்குப் போன அன்று பத்து மணிக்கே வியர்வையில் கழன்று கதிரோடு கதிராகப் போய்விட்டது. யாருடைய நெல்லில் என் ஓமோன் இருக்கிறதோ. ஜெல்லுக்கு மாறிவிட்டேன். இரவில் குளித்துத் துடைத்துவிட்டுப் பூசுகிறேன், காயும்வரை தங்கச்சியின் குழந்தையைத் தூக்குவதில்லை. மூன்று மாதத்தில் இரத்தம் பார்ப்பார்கள், ஓமோன் அளவு, பொட்டாசியம், ஈரல் எல்லாம் ஒன்றாக.

அம்மாவுக்கும் கிருமி இருக்கிறது. என்னிடமிருந்து ஒளித்து ஒரு கிழமை அழுதா. பிறகு, "அப்போது நான்தான் உனக்குத் தந்தனா" என்று கேட்டா. டொக்டரிடம் கேட்காத கேள்வி அது ஒன்றுதான். இப்போது இருவரும் ஒரே நாள் கிளினிக்குக்குப் போகிறோம். தங்கச்சிக்கு இல்லை, இரண்டாவது ஊசி போட்டாயிற்று.

ஓமந்தை_அக்கா | சனி, இரவு 9.30

நொதி 41! மல்லாவித் தம்பி, பார்த்தீரா?

மல்லாவி_லொறி | சனி, இரவு 9.42

பார்த்தேன். நான் 82 கிலோ. யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

கனகராயன்_கரை | சனி, இரவு 9.50

அக்கா, வருகிற மாதம் யாழ்ப்பாணக் கிளினிக்குக்கு நீங்களும் வருகிறேன் என்றீர்களே. வவுனியாவிலிருந்து வரும் விடியக்காலை பஸ் பரந்தன் சந்திக்கு எத்தனை மணிக்கு வரும்? அம்மா உங்களுக்கும் சேர்த்து இடியப்பம் கட்டப் போகிறா, உப்புக் குறைத்து.